வலது கையால் பிடிக்கவும்

ஈபோ குவான்சா என்ன வேலை பார்க்கிறான் என்று அவன் சொந்த ஊரான கேப் கோஸ்ட்டில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில் வரும். அம்மா வழி உறவுக்காரர்களுக்கு அவன் டாக்டர். அப்பா வழிக்காரர்கள் கொஞ்சம் வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள், கம்பவுண்டர் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மாமனார்தான் விவரமான மனுஷர். "மாப்பிள்ளை மருந்துக் கம்பெனிக்கு ஏதோ எழுதிக் குடுக்குறாரு. என்னன்னு நானும் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல" என்பார்.

நான் சொல்கிறேன். மருந்து வாங்கினால் பெட்டிக்குள் ஒரு காகிதம் இருக்குமே, மடித்து மடித்து, பொடி எழுத்தில், ஒரு தடவை பிரித்துவிட்டால் திரும்ப மடிக்கவே வராதே, அதை எழுதுகிறவன் ஈபோ. நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுகிறீர்களே, அதற்காக ஒருத்தன் மாசக்கணக்கில் முதுகு ஒடிய உட்கார்ந்திருக்கிறான். அவன் எழுதியதில் புள்ளி இடம் மாறியிருக்கிறதா, மில்லிகிராம் மைக்ரோகிராம் ஆகியிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என் வேலை. தலைநகர் அக்ராவில், ஓசு பக்கம், ஒரு கல்யாண உடுப்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். என்னை எல்லாரும் டெடே ஆன்ட்டி என்பார்கள். பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தே எங்களுக்கு வருஷங்கள் ஓடிவிட்டன. அவன் குணம் அவன் பெண்டாட்டிக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும்.

வெறும் காகிதம் மட்டும் இல்லை. புது மருந்தை மனுஷர்களுக்குக் கொடுத்துப் பார்த்தால் அதற்கு ஓர் அறிக்கை, கருவி மக்கர் பண்ணினால் அதற்கு ஓர் அறிக்கை, அந்த அறிக்கை சரியில்லை என்று இன்னொரு அறிக்கை, எல்லாம் எங்கள் தலையில்தான். இந்த எழுத்துக்கென்று ஒரு தனி தர்மம் உண்டு. இதில் யாரும் எதையும் செய்ய மாட்டார்கள், எல்லாம் தானாக நடக்கும். நோயாளி விழுந்து மண்டை உடைந்தால் "சமநிலைக் குறைவு பதிவானது." ஊசி தோலுக்குள்ளேயே முறிந்தால் "கருவி எதிர்பாராத நிலையை அடைந்தது." ஆளே போய்ச் சேர்ந்துவிட்டாலும் "பங்கேற்பு நிறைவுற்றது." யார் விழுந்தார், யார் முறித்தார், யார் போனார் என்று போலீஸ் நாய் வந்தாலும் கண்டுபிடிக்காது. ஈபோ இதில் மன்னன். பூசி மெழுகுவதில் அவனுக்கு இணையாக அக்ராவில் ஆள் கிடையாது. அவன் மெழுகின இடத்தில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

இத்தனை கெட்டிக்காரனுக்கு ஒரே ஒரு மனக்குறை. எழுதுவதை ஒருத்தரும் படிப்பதில்லையாம்.

"ஆன்ட்டி, நேத்து பார்மசியில நின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு ஆளு பெட்டியத் திறந்து என் காகிதத்தை வெளியில எடுத்தான். எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அவன் என்ன பண்ணான் தெரியுமா? அதைப் பொட்டலமாச் சுருட்டி, வறுத்த கடலையைக் கொட்டிக் கொறிச்சுக்கிட்டே போயிட்டான்."

"கடலை நல்லா இருந்துச்சாமா?" என்றேன்.

"போங்க ஆன்ட்டி. உங்களுக்கு எல்லாம் விளையாட்டு."

உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அவன் எழுதியதையெல்லாம் படித்தாள். அவன் மனைவி எசாபா. அக்ராவிலேயே டான்சோமன் பக்கம் பள்ளிக்கூட டீச்சர். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கடைசி வரி வரைக்கும் போகாமல் விடமாட்டாள், தீப்பெட்டி முதுகைக்கூட விட்டுவைக்க மாட்டாள். அதோடு சின்ன வயசிலிருந்தே மூச்சிழுப்பு. வடக்கேயிருந்து புழுதிக்காற்று வீசும் மாசங்களில் பிளாக்போர்டைத் துடைத்தாலே நெஞ்சு விசில் அடிக்கும். அதனால் மருந்துப் பெட்டி அவள் வீட்டில் எப்போதும் இருக்கும், காகிதமும் இருக்கும். படித்துவிட்டுச் சும்மா இருப்பாளா? "ஏங்க, தலைவலின்னு ரெண்டு இடத்துல போட்டிருக்கீங்களே, ஒரே மனுஷனுக்கு ரெண்டு தலையா?" என்று கேட்பாள். மறுநாள் ஈபோ அதை ஆபீஸில் வந்து பெருமையாகச் சொல்வான். சரிபார்த்தது நான் என்பது அவனுக்கு மறந்துபோயிருக்கும். அந்த நாட்களில் அவளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

இப்படி இருக்கும்போதுதான் கடல் கடந்த ஒரு கருவிக் கம்பெனியின் வேலை எங்களுக்கு வந்து சேர்ந்தது. மூச்சு முட்டும்போது இழுக்கிற இன்ஹேலர். வட்டமாக, கையடக்கமாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் பிடியைத் தள்ளினால் ஒரு வேளை மருந்துப் பொடி உள்ளே விழும். பிறகு அதே இடது கையாலேயே வாய்க்குக் கொண்டுபோய் இழுக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் அனுப்பிய மூலக் காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது, படமும் அப்படித்தான் போட்டிருந்தது. அதை எங்கள் ஊர் ஜனங்களுக்கு ஏற்ற மாதிரி எழுதித் தர வேண்டியது ஈபோவின் பாடு.

படத்தைப் பார்த்ததும் எங்கள் முதலாளியம்மா மேடம் செர்வா கண்ணாடியைக் கழற்றினார். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"ஈபோ, இது எந்தக் கை?"

ஈபோ படத்தைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். "இடது மேடம்."

"இடது கையால வாய்க்கு மருந்து. அடடா! இடது கையால காசு நீட்டினாலே நம்ம ஊர் டாக்ஸிக்காரன் வண்டியை விட்டு இறங்கிச் சண்டைக்கு வருவான். பெரியவங்க பார்க்கற காகிதம்யா இது. எங்கம்மா பார்த்தா என்ன நினைப்பாங்க? 'ஏண்டி செர்வா, உனக்கு நான் சோறு திங்கக் கத்துக் குடுக்கலையா'ன்னு கேக்க மாட்டாங்க?"

"கம்பெனியில அப்படித்தான் மேடம் அனுப்பியிருக்காங்க..."

"அவங்க வளர்ந்த விதம் அப்படி. அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? என் ஆபீஸ்லேருந்து இப்படி ஒரு அசிங்கம் வெளியில போகாது. கையை மாத்து."

அந்த அறையில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. திறப்பதற்கு என்ன இருக்கிறது? எங்களில் யாரும் இடது கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இல்லை.

கையை மாற்றினார்கள். புதிதாக ஒரு வரியும் சேர்ந்தது. "பிறகு கருவியை வலது கைக்கு மாற்றி, வலது கையால் உறுதியாகப் பிடிக்கவும்." அந்த 'உறுதியாக' ஈபோவின் சொந்தச் சரக்கு, ஓர் அழகுக்காகப் போட்டது. படம் மாறினால் சிலரைக் கூப்பிட்டுக் கருவியைக் கையில் கொடுத்து, காகிதத்தைப் படித்துச் செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும், அது முறை. ஆனால் மாற்றம் சின்னது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பார்க்க வேண்டியதில்லை, அதுவும் முறைதான். ஈபோ எழுதிக் கொடுத்தான். "படத்தில் செய்யப்பட்ட சிறு பண்பாட்டு மாற்றம், கருவியின் பயன்பாட்டிலோ பாதுகாப்பிலோ எவ்விதத் தாக்கத்தையும் ஏற்படுத்தாது எனக் கருதப்படுகிறது." யார் கருதினார்கள் என்று நீங்கள் கேட்கக் கூடாது. கம்பெனிக்காரர்களும் கேட்கவில்லை. உள்ளூர்ப் பண்பாட்டை மதித்த விதம் பிரமாதம் என்று பாராட்டி அனுப்பினார்கள். அன்றைக்கு மேடம் எல்லாருக்கும் வாச்சே, அதுதான் எங்கள் ஊர்க் காராமணிச் சோறு, வாங்கிப் போட்டார், மீனோடு, முட்டையோடு.

எங்களுக்கு அப்போது தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவியின் ஒரு பக்கத்தில் ஊசிமுனை அளவுக்குச் சில துளைகள் இருந்தன, காற்று உள்ளே போவதற்கு. இடது கையில் இருந்தால் துளைகள் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். வலது கைக்கு மாற்றினால் உள்ளங்கை அவற்றை மொத்தமாக அடைத்துவிடும். உறுதியாகப் பிடித்தால் இன்னும் உறுதியாக அடைக்கும். காற்று போகாவிட்டால் பொடி கிளம்பாது, மருந்து நெஞ்சுக்குப் போகாது. இழுக்கக் கஷ்டமாக இருக்குமே, அதிலேயே தெரிந்துவிடாதா என்பீர்கள். மூச்சிழுப்புக்காரனுக்கு எதை இழுத்தாலும் கஷ்டம்தான், அவன் எதைக் கண்டான்?

இன்ஹேலர் கடைகளுக்கு வந்தது. காகிதத்தை வழக்கம்போலக் குப்பையில் போட்டவர்கள் சுகமாக இருந்தார்கள். மூச்சு முட்டுகிற நேரத்தில் எவன் நாகரிகம் பார்க்கிறான்? எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கையாலேயே வாயில் வைத்து இழுத்துவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். மாட்டிக்கொண்டது படித்தவர்கள்தான். பாதிரியார்கள், வாத்தியார்கள், ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள், எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிற அப்பாவி ஜனங்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று அவர்களிடமிருந்து புகார் வர ஆரம்பித்தது.

புகாரைப் பார்ப்பதும் ஈபோதான். புகார் வந்தால் காரணம் போட வேண்டும். கம்பெனி கொடுத்த காரணங்கள் மூன்றே மூன்று. கருவியில் குறை, பயன்படுத்தியவர் தவறு, தெரியவில்லை. காகிதம் தப்பு என்று ஒரு காரணம் அதில் கிடையாது, மூலக் காகிதம் எழுதினவர்கள்தானே அந்தப் பட்டியலையும் எழுதியது! திரும்பி வந்த கருவிகளைக் கம்பெனியில் இயந்திரத்தில் மாட்டிப் பார்த்தார்கள், ஜோராக ஓடியது. இயந்திரத்துக்கு ஏது வலது கை? தெரியவில்லை என்று போட்டால் குடைந்து குடைந்து கேள்வி வரும். ஆகவே பயன்படுத்தியவர் தவறு. புகார் கொடுத்தவருக்கு ஒரு மரியாதைக் கடிதமும் போகும், ஈபோ கைப்பட எழுதி வைத்த வாசகம். "தங்கள் கருவி சரியாக இயங்குகிறது. கையேட்டை மீண்டும் கவனமாகப் படித்து, ஒவ்வொரு படியையும் அதில் உள்ளவாறே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

"இவங்கள்ல பாதிப் பேரு படிக்கவே இல்ல ஆன்ட்டி," என்பான் என்னிடம். "படிச்சிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது."

இதற்கிடையில் எசாபாவின் கிளினிக்கில் பழைய மருந்து தீர்ந்துபோய், இந்தப் புதுசைக் கொடுத்தார்கள். அவள் பெட்டியைப் பிரித்துக் காகிதத்தை எடுத்து, "எங்க வீட்டுக்காரர் எழுதினது" என்று அங்கே இருந்த நர்ஸுக்கே படித்துக் காட்டினாளாம்.

கொஞ்ச நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் கென்கே என்கிற புளித்த சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். எசாபா கதவைத் திறக்கும்போதே நெஞ்சுக்குள் பூனை கத்துகிற சத்தம் கேட்டது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"ஏங்க, இது எனக்குச் சரிப்பட்டு வரலை," என்றாள் சாப்பிட உட்கார்ந்ததும். "பழசு இழுத்தா உடனே கேட்டுச்சு. இதுல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. ராத்திரி படுக்கவே பயமா இருக்கு."

ஈபோ மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். "நீ சரியாச் செய்யலை."

"நீங்க எழுதினபடிதான் செய்றேன்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

எசாபா கையை உதறிக்கொண்டு அவனைப் பார்த்தாள். "எல்லாருமா? எல்லாரும்னா யாரு? எத்தனை பேரு இப்படிச் சொல்றாங்க?"

அவன் அடுத்த முள்ளைத் தேடப் போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் மீனோடு சேர்த்து அவன் தலையிலும் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. கட்டின பெண்டாட்டி மூச்சுவிட முடியவில்லை என்கிறாள், இந்த மகானுக்குத் தன் எழுத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை. எழுந்து போய், எங்கே ஒரு தடவை செய்து காட்டு பார்ப்போம் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஈபோவின் தாய்மாமா கேப் கோஸ்ட்டில் இறந்துபோய், நல்லடக்கத்துக்கு நாள் குறித்தார்கள். ஆபீஸ் சார்பில் நானும் துக்கத்துக்கான கறுப்பும் சிவப்பும் கட்டிக்கொண்டு போனேன். மாமாவின் வாழ்க்கை வரலாறு அச்சடித்த பளபளப்புப் புத்தகம் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். எழுதினது யார் என்று கேட்கவே வேண்டாம். குடும்பத்திலேயே எழுத்தாளன் அவன் ஒருத்தன்தானே.

ஈபோவின் பெரியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தார். அழுதுகொண்டிருந்தவர் அழுகையை நிறுத்திவிட்டார். "ஏன்டா ஈபோ, 'இயக்கம் படிப்படியாகக் குறைந்து நிறைவெய்தியது'ன்னு போட்டிருக்கியே, உங்க மாமா செத்தாரா, இல்ல ஃபேனை ஆஃப் பண்ணாங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் எசாபா இருமினாள். பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் புகை, கூட்டம் கிளப்பிய புழுதி, ஊர்ப் பெண்கள் பூசிக்கொண்டு வந்த அத்தனை சென்ட்டு. அவள் மூச்சு குறுகி வந்தது. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தாள்.

எடுத்தவள் அவசரப்படவில்லை, அவள் டீச்சர் அல்லவா. நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூச்சை முழுக்க வெளியே விட்டாள். பிடியைத் தள்ளினாள். கருவியை வலது கைக்கு மாற்றினாள். உறுதியாகப் பிடித்தாள். இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் அதே வரிசையில் அதே மாதிரி செய்தாள். உதடு நிறம் மாறிக்கொண்டு வந்தது.

"நல்லாப் பிடிச்சுக்க," என்றான் ஈபோ பக்கத்தில் நின்றுகொண்டு. "உறுதியாப் பிடி."

அவள் விரல் எலும்பு தெரிய இறுக்கிப் பிடித்து இழுத்தாள். அதோடு நாற்காலியிலிருந்து சரிந்தாள். கருவி கை நழுவி மண்ணில் விழுந்தது. ஈபோ பாய்ந்து வலது கையை அவள் முதுகுக்குக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, மிச்சமிருந்த இடது கையால் கருவியைத் தடவி எடுத்தான்.

"ஆன்ட்டி, பிடியைத் தள்ளுங்க! சீக்கிரம்!"

நான் மண்டிபோட்டுத் தள்ளினேன். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் அதை இடது கையாலேயே அவள் வாயில் வைத்தான்.

"அடப்பாவி! இடது கையாலயா பொண்டாட்டி வாயில வைக்கிறே? அதுவும் சாவு வீட்டுல!" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

எசாபா இழுத்தாள். உள்ளே ஏதோ விர்ரென்று சுழல்கிற சத்தம் கேட்டது. இருமினாள். இன்னொரு தடவை நான் தள்ளிக் கொடுக்க, அவன் இடது கையாலேயே வைக்க, அவள் இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு விசில் தணிந்தது, உதட்டில் நிறம் வந்தது. யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஈபோ எழுந்திருக்கவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்து கருவியை இடது கையில் வைத்துப் பார்த்தான். வலது கைக்கு மாற்றிப் பார்த்தான். திரும்ப இடது, திரும்ப வலது. உள்ளங்கையை விரித்துத் துளைகள் எங்கே வருகின்றன என்று பார்த்தான்.

"நீ சரியாத்தான் செஞ்சிருக்கே," என்றான் மனைவியிடம்.

அவளுக்குப் பேசத் தெம்பில்லை. இருந்தாலும் சொன்னாள். "அதைத்தானே நானும் சொன்னேன்."

திங்கட்கிழமை நான் ஆபீஸுக்குப் போகும்போது ஈபோ எனக்கு முன்னாலேயே வந்து அறிக்கை எழுதி முடித்திருந்தான். மேடம் அதைப் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மேசையில் கிடந்தது. என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"டெடே, இதைப் பாரு. 'கையேட்டில் எழுதியிருப்பது தவறு. எழுதியவன் நான். படித்தவர்கள் அதில் உள்ளபடியே செய்தார்கள், அதனால்தான் அவர்களுக்கு மருந்து போகவில்லை. எனக்குத் தெரிந்து ஒருவர் சாகப் பார்த்தார். இதுவரை பயன்படுத்தியவர் தவறு என்று நான் முடித்துவைத்த புகார்களில் யார் மேலும் தவறில்லை.' இது என்னது, அறிக்கையா, இல்ல சர்ச்சுல பாவமன்னிப்பா?"

"உண்மை மேடம்," என்றான் ஈபோ.

"உண்மைக்கு ஒரு நடை இருக்குப்பா. 'பயன்பாட்டு நிலையில் வேறுபாடு காணப்பட்டது'ன்னு போடு. அடுத்த பதிப்புல சத்தம் போடாம படத்தை மாத்திக்கலாம். கம்பெனி வேலை போச்சுன்னா இந்த மாடியில இருக்கற இத்தனை பேரும் என்ன பண்றது? கீழ போய்க் கல்யாண கவுன் தைக்கறதா?"

"அடுத்த பதிப்பு எப்ப மேடம்?"

"வரும்போது வரும். ஒரு வருஷம் ஆகலாம்."

"அதுவரைக்கும் மூச்சு முட்டுறவங்க என்ன பண்ணுவாங்க? பதிப்பு வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருப்பாங்களா?"

மேடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கையை மாத்தச் சொன்னது நான்னு எழுதப் போறியா?"

"இல்ல மேடம். தாக்கம் இல்லைன்னு எழுதிக் குடுத்தது நான். ஒரு தடவை கையில எடுத்துப் பிடிச்சுப் பார்த்திருக்கணும். பார்க்காம எழுதினேன். அதுக்கு நான்தான் பொறுப்பு."

மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அறிக்கையை ஒரு தடவை முழுக்கப் படித்தார். "எங்கம்மாவுக்கும் இழுப்பு உண்டு," என்றார் யாரிடம் என்றில்லாமல். பிறகு ஒரு வார்த்தையும் மாற்றாமல் அனுப்பச் சொன்னார்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. எங்களைத் திட்டவில்லை, வேலையையும் பிடுங்கவில்லை. திட்டினால் காரணம் எழுத வேண்டுமே! இனி வரும் பெட்டிகளில் பழைய படமே போகும் என்றும், "கையேட்டின் தெளிவு மேம்படுத்தப்பட்டது" என்றும் எழுதியிருந்தார்கள். ஈபோவின் 'நான்' போன இடம் தெரியவில்லை. ஏற்கெனவே பெட்டி வாங்கியவர்கள் என்ன செய்வது என்று கேட்டதற்கு, கடைகளில் அறிவிப்பு ஒட்டப்படும், முடித்துவைத்த புகார்களைத் திரும்பத் திறக்க வேண்டியதில்லை என்றார்கள். அதாவது, புகார் கொடுத்தவர்கள் வீட்டில் அந்தக் காகிதமும் இருக்கும், ஒவ்வொரு படியையும் உள்ளவாறே செய்யுங்கள் என்ற ஈபோவின் கடிதமும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், முறைப்படி எல்லாம் முடிந்துவிட்டது.

ஈபோவுக்கு முடியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து தன் போனிலிருந்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட ஆரம்பித்தான். நான் வாங்கிக் கொடுத்த சாப்பாடு பக்கத்தில் ஆறிப்போய்க் கிடக்கும். ஒரு அம்மாள் அவனை வாயில் வந்தபடி வெளுத்து வாங்கினார். அவன் "ஆமாங்கம்மா, ஆமாங்கம்மா" என்று கேட்டுக்கொண்டான். ஒரு ஆள், "காகிதமா? புகார் குடுத்த அன்னிக்கே கோபத்துல கிழிச்சுப் போட்டுட்டேனே. அதுக்கப்புறம் நல்லாத்தான் இருக்கேன்" என்றான். "ரொம்ப சந்தோஷங்க, ரொம்ப ரொம்ப சந்தோஷம்" என்றான் ஈபோ. தன் எழுத்தை ஒருத்தன் கிழித்துப் போட்டதற்கு அவன் நன்றி சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

பிறகு வின்னெபா ஊரில் ஒருவருக்குப் போன் போட்டான். பெயர் மிஸ்டர் பிளாங்க்சன், ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். எடுத்தது அவரேதான். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு இரைத்தது. ஈபோ ஸ்பீக்கரில் போட்டான்.

"அந்த மருந்து ஆபீஸ்லேருந்தா தம்பி? கூப்பிட்டது நல்லதாப் போச்சு. உங்க கடிதம் வந்துச்சு. நான்தான் பதில் போடலை, மன்னிக்கணும்."

"ஐயா, நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா..."

"இருங்க தம்பி, சொல்லிடறேன். தப்பு என் மேலதான். கடிதத்தைக் கட்டிலுக்குப் பக்கத்துல சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன். நீங்க சொன்னபடி ஒவ்வொண்ணாப் பார்த்துப் பார்த்துத்தான் செய்றேன். காகிதத்துல உறுதியாப் பிடிக்கணும்னு போட்டிருக்கீங்க. வயசாயிடுச்சில்ல, கையில பலம் பத்தலை. அதான் மருந்து வர மாட்டேங்குது. இப்பல்லாம் என் மகளைக் கூப்பிட்டு, என் கைமேல அவ கையை வெச்சு நல்லா அழுத்திப் பிடிச்சுக்கச் சொல்றேன். அப்பவும் சரியா வரலை. இன்னும் அழுத்தணுமா தம்பி?"

நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஐயா," என்றான் கடைசியில், "உங்க மேல தப்பே இல்ல. உங்க மக மேலயும் இல்ல. நான் எழுதினது தப்பு ஐயா. நான் தப்பா எழுதிட்டேன். வலது கையில பிடிக்காதீங்க. பிடியைத் தள்ளிட்டு, இடது கையில இருக்கிறதை இடது கையாலேயே வாயில வெச்சு இழுங்க."

"இடது கையாலயா?"

"ஆமா ஐயா."

"உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கும்போதா?"

"இப்பவே ஐயா. தயவு செஞ்சு."

அந்தப் பக்கம் போனைக் கீழே வைக்கிற சத்தம், பெட்டி திறக்கிற சத்தம், பிடியைத் தள்ளுகிற சத்தம் எல்லாம் வரிசையாகக் கேட்டன. வேறு வழியில்லாமல் ஒருவர் முன்னால் இடது கையை நீட்ட நேர்ந்தால் எங்கள் ஊரில் அனுமதி கேட்டுக்கொள்வது வழக்கம். போஸ்ட் மாஸ்டர் எங்கள் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், வின்னெபாவில், தன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னார்.

"இடது கைக்கு மன்னிக்கணும் தம்பி."

பிறகு இழுத்தார். விர்ரென்று அந்தச் சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது. நீளமாக ஒரு மூச்சு உள்ளே போயிற்று, அப்படியே நின்றது, வெளியே வந்தது. ஈபோ இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு படியில் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"அட," என்றார் கிழவர். "வருதே."